ஆறாவது கை

1

இந்தக் கதை ஒரு பாட்டு ஒத்திகையில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னை மடக்கினால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

இங்கிலாந்தின் கிழக்குச் சதுப்பு நிலத்தில், வாய்க்காலும் முட்டைக்கோசு வயலும் மூடுபனியுமான ஒரு சிற்றூரில் வெகுகாலமாக இருக்கிறேன். வியாழக்கிழமைகளில் கிறிஸ்தவக் கோயில் மண்டபத்தில் சேர்ந்து பாடுவோம். போன குளிர்காலத்தில் நடத்துநர் ஒரு பழைய பாட்டை எங்கள் கையில் கொடுத்தார். அறுநூறு எழுநூறு வருடப் பழசு. அதில் ஒரு பெண் 'நான்' என்று சொல்லித் தன் மானம் போன கதையைத் தானே துள்ளலாகப் பாடுகிறாள். எழுதியவன் அநேகமாகப் படித்த பையன் ஒருவன். ஆண்கள் வரிசை சிரித்தது. நாங்களும் சிரித்தோம். இரண்டாம் முறை அந்த 'நான்' வந்தபோது எனக்குப் பாட வரவில்லை.

அந்தப் பாட்டை இங்கே தரப்போவதில்லை. கதைக்கு வேறொன்றை நானே கட்டியிருக்கிறேன். தேட வேண்டாம்.

பாட ஏன் வரவில்லை என்பதற்கு என் தொழில்தான் காரணம். நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். அங்கே விதி ஒன்று உண்டு. கூண்டில் நிற்கும் பெண் 'நான் கதவைத் திறக்கவில்லை' என்றால், 'அவள் திறக்கவில்லையாம்' என்று நான் சொல்லக்கூடாது. 'நான் திறக்கவில்லை' என்றே சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. அடுத்தவளின் 'நான்' என் வாயில் எவ்வளவு சுலபமாக உட்கார்ந்துகொள்கிறது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எனக்குப் பயம்.

[தமிழில் 'போனேன்' என்றால் போனது ஆணா பெண்ணா என்று தெரியாது. இந்த வசதியைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கிழித்துப்போட்டேன்.]

2

தொடக்கம், முதல் முயற்சி:

*நான் ஹவீசா. அன்று காலை நான் பால் கறந்துவிட்டு —*

நிறுத்திவிட்டேன். பார்த்தீர்களா? அந்தப் பையன் செய்ததையே நானும் செய்யக் கிளம்பிவிட்டேன்.

இரண்டாம் முயற்சி:

*பதினான்காம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பெண்கள் சட்டத்தின் முன் —*

இது கட்டுரை. எனக்கே கொட்டாவி வருகிறது.

மூன்றாம் முயற்சி. இதை வைத்துக்கொள்கிறேன்:

விக்மியர் கிராமத்தில் கோடை நடுவே வரும் புனித அருளப்பர் திருநாள். பூசை முடிந்து, வெயில் சாயத் தொடங்கிய நேரம். கோயில் முற்றத்தில், கல்லறைகளுக்கு நடுவே, ஊரே கைகோத்து வட்டமாக ஆடிக்கொண்டிருந்தது. பூசை வைத்த சாமியாருக்கு அது பிடிக்காது. ஆனால் ஊரை எதிர்த்து நிற்க அவருக்குத் தெம்பில்லை. ஹவீசாவின் இடது கை அண்ணி இடோனியிடம் இருந்தது. வலது கை, பார்லிக் கள் காய்ச்சி விற்கும் கோடாவிடம். கோடா கையைப் பிடித்தால் இடுக்கி தோற்கும்.

வட்டத்தின் நடுவில் சாமியாருக்கு எடுபிடியான கோயில்பிள்ளை தர்ஸ்டன் நின்று அடி எடுத்துக் கொடுத்தான். அவன் ஒரு கண்ணி பாட, வட்டம் சுற்றிக்கொண்டே பல்லவியைத் திருப்பிப் பாட வேண்டும். பாட்டு முடிவதற்குள் கையை விட்டவர் ஒரு வருடம் தாண்டமாட்டார் என்பது விக்மியரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. போன வருடம் கையை விட்ட செருப்புத் தைப்பவன் தை மாதத்துப் பனியில் வாய்க்காலில் விழுந்து செத்தான்.

புதுப் பாட்டு. தர்ஸ்டன் குரலைப் பெண்குரலாக்கிக்கொண்டான்:

*ஞாயிறு தோறும் தீர்த்தம் தெளிக்க*
*நடந்து வந்தான் கோயில்பிள்ளை;*
*வேண்டாம் வேண்டாம் என்றேன் நானும்,*
*வாய்தான் சொல்லும், மனசு இல்லை.*

வட்டம் சிரித்துக்கொண்டே எடுத்தது:

*ஐயோ, நானே திறந்தேன் கதவை!*
*யாரிடம் சொல்வேன் என் கதையை!*

ஹவீசாவும் பாடினாள். நல்ல கணீர்க் குரல் அவளுக்கு. மெட்டு காலைத் தூக்கியது. கோடா பக்கத்தில் ஊளையிட்டுச் சிரித்தாள். அடுத்த கண்ணி வந்தது:

*நொண்டி வாத்து முற்றத்தில் நின்று*
*நோட்டம் பார்த்துக் கத்தியதே;*
*நாணம் கொண்டு திரும்பும் முன்னே*
*நாடா தானாய் அவிழ்ந்ததே.*

விக்மியரில் நொண்டி வாத்து ஒன்றுதான். நரி காலைக் கடித்துப் போட்டதை ஹவீசா எடுத்து வளர்த்தாள். அவள் போகுமிடமெல்லாம் அது பின்னால் வரும். இப்போதும் முற்றத்து வாசலில் நின்று கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. வட்டத்தில் முகங்கள் ஒவ்வொன்றாக அவள் பக்கம் திரும்பின. எல்லோரும் சிரித்தார்கள். ஹவீசா கையை உருவப் பார்த்தாள்.

"விடாதடி, செத்துடுவ!" என்று கோடா இறுக்கிப் பிடித்தாள். அன்பாகத்தான்.

வட்டம் சுற்றியது. ஹவீசாவின் கால்கள் அதோடு சேர்ந்து சுற்றின. பல்லவி வந்தபோது அவள் வாயும் அசைந்தது. பாடாவிட்டால் குற்றமுள்ள நெஞ்சு என்பார்களே என்ற பயம். 'நானே திறந்தேன் கதவை' என்று ஊர் முன்னால், கோயில் முற்றத்தில், தன் சொந்த வாயால் பாடினாள். இது பிறகு அவளுக்கு எதிராக வரும்.

3

தர்ஸ்டனை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் வரைவில் அவனுக்கு மஞ்சள் பல்லும் ஈரக் கையும் கொடுத்தேன். சோம்பேறித்தனம். அசிங்கமான வில்லன் என்றால் எழுதுகிறவளுக்கு வேலை மிச்சம். இரண்டாம் வரைவில், ஹவீசா அவனைத் துரத்திவிட்டதால் பழிவாங்குகிறான் என்று வைத்தேன். அதையும் எடுத்துவிட்டேன். காரணம் கொடுத்தால் உங்களுக்கு நிம்மதி வந்துவிடும்.

இப்போது இருக்கிற தர்ஸ்டன் ஏழைப் பையன். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகத் தீர்த்தம் தெளித்து, முட்டையும் பாலாடைக்கட்டியும் வாங்கிப் பிழைக்கிறவன். ஒருநாள் சாமியாராகிவிடும் ஆசை. மடத்துப் பள்ளியில் பிரம்படி வாங்கி லத்தீன் படித்தான். அங்கே பிள்ளைகள் மொழிபெயர்க்கக் கொடுத்த வாக்கியங்களில் பாதி பெண்ணின் நாக்கைப் பற்றியவை, மீதி பெண்ணை நம்பிக் கெட்டவனைப் பற்றியவை. எழுவாய் பயனிலை கற்கும்போதே இதுவும் சேர்ந்து உள்ளே போய்விட்டது. அவன் வாயைத் திறந்து செய்யுள் சொன்னால் அது தானாக வருகிறது.

அவனுக்கு ஹவீசாமீது கோபம் ஒன்றும் இல்லை. அவர்கள் பாட்டிலும் சொற்கள் முதலெழுத்துக்கு முதலெழுத்து கைகோத்து வர வேண்டும். மோனைக்கு ஏதோ ஒன்று தேவைப்பட்டது. வாசலில் அவளுடைய வாத்து நின்றது. அவ்வளவுதான். இதுதான் எனக்கு மஞ்சள் பல்லைவிடப் பயமாக இருக்கிறது.

4

[இந்தப் பகுதியில், அந்த ஞாயிற்றுக்கிழமை கதவுக்குப் பின்னால் உண்மையில் என்ன நடந்தது என்று எழுதியிருந்தேன். ஒரு வரைவில் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றில் அவளுக்கும் அவன்மேல் ஆசை. ஒன்றில் அவன் தீர்த்தச் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கதவைச் சாத்துகிறான். மூன்றையும் படித்துப் பார்த்தேன். மூன்றிலும் எங்கோ ஓரிடத்தில் நாடா தானாய் அவிழ்ந்தது. நான் அப்படி எழுதவில்லை, பாட்டு எழுதிக்கொண்டது. நீக்கிவிட்டேன்.]

5

அறுவடைக் காலம். ஹவீசா களத்திலிருந்து வந்தபோது வாசலில் திருச்சபை நீதிமன்றத்துச் சேவகன் உட்கார்ந்து காலிலிருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"ஹவீசாங்கிறது நீதானே?"

"ஆமா."

"கோயில்பிள்ளையோட படுத்தியாம். அடுத்த மாசம் மிக்கேல் திருநாள் கழிச்சு நீதிமன்றத்துல வந்து நிக்கணும்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லல? வயல்ல பாடுறான், படகுல பாடுறான். நானே முணுமுணுத்துக்கிட்டுத்தான் வந்தேன்."

"அது பாட்டுங்க."

"ஊரு பேசினா நீதிமன்றத்துச் சாமிக்குப் போதும்மா, சாட்சி வேணாம். அதுலயும் நீயே பாடினியாமே? திருநாளன்னிக்கு, ஊரு முன்னாடி?"

"எல்லாருந்தான் பாடினாங்க."

"எல்லாருக்கும் நொண்டி வாத்து இல்லையே."

இடோனி உள்ளேயிருந்து ஒரு குவளை பார்லிக் கள் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கொஞ்சம் இரக்கத்தோடு சொன்னான்.

"பொய்னா தப்பிக்கறதுக்கு வழி இருக்கு. நீ வேதப் புத்தகத்து மேல கைய வச்சு இல்லன்னு சொல்லணும். உன்னைத் தெரிஞ்ச ஆறு பேரு வந்து, இவ சொல்றத நம்புறோம்னு அதே புத்தகத்துல கைய வைக்கணும். என்ன நடந்துச்சுன்னு அவங்களை யாரும் கேக்கமாட்டாங்க. நம்புறியா இல்லையா, அதான் கேள்வி. பொம்பளைங்களா இருந்தா நல்லது. ஆம்பளையும் வரலாம். எவன் வருவான்?"

"அஞ்சு பேரு வந்தா?"

"அஞ்சுன்னா ஒருத்தருமே இல்லன்னுதான் அர்த்தம். வெள்ளச் சட்டை, வெறுங்காலு, கையில மெழுகுவத்தி. பூசைக்கு முன்னாடி கோயிலச் சுத்தி அடிச்சுக்கிட்டே கூட்டிட்டுப் போவாங்க. மூணு ஞாயிறு. உங்க சாமியாரு சவுக்க ஓங்கறப்ப கண்ண மூடிக்குவாரு. நல்ல மனுசன்."

அவன் போன பிறகும் ஹவீசா வாசலிலேயே நின்றாள். தூரத்தில், வாய்க்கால் கரையில் அவன் போகும்போது சீட்டியடித்தான். என்ன மெட்டு என்று சொல்ல வேண்டியதில்லை.

6

முதலில் சுலபமாகத்தான் இருந்தது. துணி துவைக்கும் வாய்க்கால் படியில் அவள் கேட்டதும் பக்கத்துச் சந்தின் நான்கு பெண்கள் ஒத்துக்கொண்டார்கள். கொல்லன் பெண்டாட்டி துணியை ஓங்கி அடித்துக்கொண்டே சொன்னாள்:

"அவன் கெடக்கான் விடு. பாட்டுல இப்ப இடுப்பு பெருக்குதுன்னு வேற சேத்துப் பாடித் திரியிறானுங்க. இவ வயித்தப் பாருங்கடி, பலகை மாதிரி இருக்கு. அருளப்பர் திருநாளுக்கு முன்னாடி நடந்திருந்தா இந்நேரம் தெரியாதா? எந்த சாமிகிட்ட வேணாலும் வந்து சொல்றேன்."

பச்சிலைத் தோட்டம் வைத்திருக்கும் விதவை சபீனா ஐந்தாவது. அண்ணி இடோனி ஆறாவது. அன்று ஹவீசா வெகுநாளுக்குப் பிறகு வயிறாரப் பட்டாணிக் கஞ்சி குடித்தாள். வாத்துக்கும் கொஞ்சம் வைத்தாள்.

வாய்க்கால் படியில் பேசிய பேச்சு கள்ளுக்கடைக்குப் போக எவ்வளவு நேரமாகும்? அடுத்த ஞாயிறு கோடாவின் கடை வாசலில் பாட்டுக்கு ஒரு கண்ணி கூடியிருந்தது:

*இடுப்பில் பாரம் ஏறும் முன்னே*
*இலையைக் கசக்கிக் குடித்தேனே;*
*கொல்லையில் அதனை வளர்த்தவள் தந்தாள்,*
*குற்றம் எல்லாம் முடித்தேனே.*

இதை எழுதும்போது என் கை நின்றுவிட்டது. பாட்டுக்குக் காது முளைத்துவிட்டது. அவள் ஒன்று சொன்னால் அது பதில் சொல்கிறது. வயிறு பெருத்தால் அவள் குற்றவாளி, பெருக்காவிட்டால் அதைவிடப் பெரிய குற்றவாளி. இந்தக் கண்ணியை தர்ஸ்டன்தான் கட்டினானா, கள்ளுக்கடையில் வேறு யாராவது கட்டினார்களா என்று எனக்குத் தெரியாது. அவனே மறுத்தான். பெருமைப்பட்டுக்கொண்டும் இருந்தான்.

ஹவீசா நேராகக் கோடாவிடம் போனாள்.

"கோடாக்கா, உங்க வாசல்ல பாடறத நிறுத்தச் சொல்லுங்க."

"ஏண்டி கோவிச்சுக்கிற? உன்னை யாரும் தப்பா நெனைக்கல. சும்மா சிரிக்கிறானுங்க. பாட்டு இருந்தா ரெண்டு குவளை கூட ஓடுது."

"அப்போ நீங்க வந்து கைய வைங்க. தப்பா நெனைக்கலன்னு சொல்லுங்க."

கோடாவின் சிரிப்பு நின்றது. வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இங்க பாரு. நாளைக்கே என்னை வச்சு ஒண்ணு கட்டினான்னு வையி. கோடா கள்ளுல தவளை மெதக்குதுன்னு. நெசமா பொய்யான்னு எவன் கேப்பான்? நாலு பிள்ளைங்கள வச்சிருக்கேன். என்னை விட்டுடு தாயி."

சபீனா வீட்டுக் கதவின் மேல்பாதி மட்டும் திறந்தது.

"அந்தச் செடியப் பிடுங்கி வாய்க்கால்ல போட்டுட்டேன்" என்றாள். கை முழுக்க மண். "இருமலுக்குத்தான் வச்சிருந்தேன், சத்தியமா. போடறப்ப ரெண்டு பேரு பாத்துட்டாங்க. வச்சிருந்தா ஒரு குத்தம், பிடுங்கினா ரெண்டு குத்தம். ஹவீசா, என் வாசலுக்கு வராத. உன்னை நம்பாம சொல்லல. நம்பறதாலதான் சொல்றேன்."

மேல்பாதியும் சாத்திக்கொண்டது.

7

இடோனிக்கு வயிற்றில் ஐந்தாம் மாதம். முன்னால் இரண்டு போய்விட்டன. பொய்ச் சத்தியம் செய்த கை அழுகும் என்பார்கள். வயிற்றில் பிள்ளை இருந்தால் அந்தச் சாபம் கையை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பிடிக்கும் என்றும் விக்மியரில் சொல்வார்கள். இதை யாரும் அவளிடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இருவரும் வாசலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"நெசத்தச் சொல்லிடு" என்றாள் இடோனி. "கைய வைக்கறவளுக்குத் தெரியணும்ல."

"சொன்னேனே அண்ணி. பாட்டுல வர்ற எதுவும் என்னுது இல்ல."

"அதுக்கு மேல ஒண்ணும் சொல்லமாட்டேங்கிற."

"அதுக்கு மேல சொன்னா அதுவும் பாட்டாயிடும்."

இடோனி ஒரு காயை உரித்துப் போட்டாள். பிறகு கேட்டாள்:

"பொய்னா வாத்து எப்படிடி வந்துச்சு?"

"என்ன?"

"பொய் சொல்றவன் மொட்டையா சொல்லுவான். இவன் வாத்து நின்னதச் சொல்றான், அது கத்தினதச் சொல்றான், நாடாவச் சொல்றான். கண்ணால பாத்த மாதிரி இருக்கு. நீ சொல்றதுல ஒண்ணுமே இல்ல. இல்ல, இல்லன்னு மட்டும் இருக்கு."

ஹவீசாவின் மடியிலிருந்த பட்டாணி கொட்டிப் படிக்கட்டில் உருண்டது. வாத்து நொண்டிக்கொண்டே வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியது. அவளுக்கு முதல் தடவையாக அந்தப் பிராணியின் மேல் வெறுப்பு வந்தது. கழுத்தைத் திருகிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். உடனே அடுத்த கண்ணி என்ன என்பதும் அவளுக்குக் கேட்டுவிட்டது. சாட்சியைக் கொன்றேனே.

[கதை எழுதப் பழகுகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே இதுதான். மொட்டையாகச் சொல்லாதே, கண்ணால் பார்த்ததுபோல ஒன்றை வை, வாசகர் நம்பிவிடுவார். அந்த வாத்தைக் கொடுத்தது தர்ஸ்டன் இல்லை, நான். நரி கடித்த காலையும் நானே கொடுத்தேன். உங்களுக்கு ஹவீசாமேல் பிரியம் வர வேண்டுமே என்று கொடுத்தேன். அவன் அதை எடுத்துக்கொண்டான். வாத்தை நீக்கிப் பார்த்தேன். அப்போது ஹவீசா என்று ஒருத்தி இருப்பதாக எனக்கே தோன்றவில்லை. திரும்பவும் வைத்துவிட்டேன். நல்ல வேலை செய்தேனா என்று தெரியவில்லை.]

8

நீதிமன்றம் கோயிலுக்குள்ளேயே கூடியது. வெளியே மூடுபனி. மேசைக்குப் பின்னால் நீதிபதியான குரு, பக்கத்தில் எழுத்தன். ஊர் மக்கள் சுவரோரக் கல் திண்டுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

அதே குற்றத்துக்காகத் தர்ஸ்டனை முதலில் கூப்பிட்டார்கள்.

"பாட்டு உன்னுடையதா?"

"ஆமாங்க சாமி. ஆனா அந்தப் பாட்டுல வர்ற 'நான்' நான் இல்லீங்க. அது ஒரு பொண்ணு. பாட்டுன்னா அப்படித்தானே."

நீதிபதி சிரித்தார். எழுத்தன் சிரித்தான். அந்த வாதம் எல்லோருக்கும் புரிந்தது. பக்கத்து ஊர்களிலிருந்து வந்த ஆறு கோயில்பிள்ளைகள் வரிசையாகப் புத்தகத்தில் கை வைத்தார்கள். அவர்களில் இரண்டு பேர் அவனை அன்றுதான் பார்த்தார்கள். வெளியே மழை பிடிப்பதற்குள் முடித்துக்கொண்டார்கள். தர்ஸ்டன் குனிந்து வணங்கிவிட்டுப் போய்த் தூணில் சாய்ந்து நின்றான்.

"ஹவீசா."

முன்னால் வந்தாள்.

"கோயில்பிள்ளைக்குக் கதவைத் திறந்தது நீதானா?"

"தீர்த்தம் கொண்டுவந்தா திறக்காம இருக்க முடியுமா சாமி? ஊர்ல எல்லாருந்தான் திறக்கிறாங்க. திறக்கலன்னா அதுக்கும் கூப்பிட்டுக் கேப்பீங்க."

அவள் சொன்னது அவள் பேசும் மொழியில். எழுத்தன் எழுதியது லத்தீனில். 'கதவைத் திறந்ததாக ஒப்புக்கொண்டாள்' என்று எழுதினான். மீதியை எழுதவில்லை. அவளுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். என் இடத்திலிருந்து எழுந்து நின்று 'விட்டுவிட்டீர்கள்' என்று கத்த வேண்டும்போல இருந்தது. அந்த அறையில் எனக்கு இடமே இல்லை.

"திருநாளன்று நீயே பாடினாய் அல்லவா?"

"பாடினேன்."

"எதற்குப் பாடினாய்?"

"கைய விட்டா செத்துடுவாங்கன்னு சொன்னாங்க சாமி."

யாரோ சிரித்தார்கள். நீதிபதி புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் கையை வைத்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று வாரக்கணக்காக யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. சற்றுமுன் அந்த இடத்தில் நின்றவனின் வார்த்தைகள்தான் நாவில் இருந்தன.

"அந்தப் பாட்டுல வர்ற 'நான்' நான் இல்ல. கடவுள் சாட்சி."

அதே வார்த்தைகள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தலையாட்டவும் இல்லை.

"உன்னை நம்புகிறவர்கள்?"

கொல்லன் பெண்டாட்டி எழுந்தாள். அவளைப் பார்த்துச் சந்துக்காரிகள் மூன்று பேரும் எழுந்தார்கள். நான்கு கைகள். பிறகு வாசல் பக்கம் சலசலப்பு. சபீனா வந்துகொண்டிருந்தாள். யாரையும் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே வந்து, நகத்தில் இன்னும் மண் இருந்த கையைப் புத்தகத்தின் ஓரத்தில் வைத்தாள். ஐந்து.

இடோனி திண்டில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை வயிற்றின்மேல் இருந்தது. மற்றது எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது. ஹவீசா அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அது கெஞ்சலாகிவிடும்.

9

முடிவுகள் என்னிடம் இருக்கின்றன.

அ. இடோனி எழுகிறாள். ஆறு கைகள். ஹவீசா அழுதுகொண்டே வெளியே வருகிறாள். இதை எழுதி இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன். பிறகு பேனா தானாக அடுத்த பக்கத்துக்குப் போனது. குளிர்காலத்தில் இடோனிக்குப் பிள்ளை செத்துப் பிறக்கிறது. அந்தக் காலத்தில் அது சகஜம். ஆனால் ஊர் வேறு காரணம் சொல்கிறது, அதற்கும் ஒரு மெட்டு இருக்கிறது. அந்தப் பக்கத்தை எரித்துவிட்டேன்.

ஆ. யாரும் எழவில்லை. ஞாயிற்றுக்கிழமை. வெள்ளைச் சட்டை. ஈரப் புல்லில் வெறுங்கால்கள். சாமியார் கண்ணை மூடிக்கொண்டு —

என்னால் முடியவில்லை.

இ. நொண்டி வாத்து கோயிலுக்குள் கத்திக்கொண்டே ஓடிவருகிறது, நீதிபதியின் அங்கியைக் கொத்துகிறது, கோயிலே சிரிக்கிறது, வழக்கு தள்ளுபடி. எழுத ஜாலியாக இருந்தது. ஆனால் சிரிப்பில் தொடங்கியதுதானே இவ்வளவும். சிரிக்கிறவர்களை நான் இனி நம்பமாட்டேன்.

ஆறாவது கையை நானே வைத்துவிடலாமா என்றும் பார்த்தேன். முடியாது. மொழிபெயர்ப்பவள் சாட்சி சொல்லக்கூடாது. தவிர, அவள் உண்மையைச் சொல்கிறாளா என்று எனக்கும் தெரியாது. நான்காம் பகுதி காலியாக இருப்பதைப் பார்த்தீர்கள் அல்லவா?

நீங்கள் இருக்கிறீர்கள்.

அவளைத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று சேவகன் சொன்னான். உங்களுக்குத் தெரியும். என்ன நடந்தது என்று தெரியாது, ஆனால் அதை யாரும் கேட்கவில்லை. புத்தகத்தில் கை வைத்திருக்கும் அந்த ஐந்து பேருக்கும் தெரியாது. நம்பும்படி அவள் தரப்பில் இன்னும் ஒரு சின்ன விவரம் கிடைத்தால் தேவலை என்று தோன்றுகிறதா? கேட்காதீர்கள். என்னிடம் கேட்டால் கொடுத்துவிடுவேன். அதைக் கொண்டு என்ன செய்வார்கள் என்பதைப் பார்த்துவிட்டோம்.

பாட்டை நீங்களும் பாடியிருக்கிறீர்கள். இரண்டாம் பகுதியில், வாய்க்குள். மெட்டு நான் சொல்லவில்லை, ஆனாலும் மெட்டோடுதான் படித்திருப்பீர்கள். 'நானே திறந்தேன் கதவை.' அவளைப்போலத்தான் நீங்களும், யாரைப் பற்றியது என்று தெரியாமல்.

கல் திண்டு குளிர்கிறது. மேசையில் ஐந்து கைகள். எழுத்தன் இறகுப் பேனாவை மையில் தோய்த்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். தூணில் சாய்ந்து நிற்கும் தர்ஸ்டன் திண்டில் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வருகிறான். அவன் உதடுகள் மெதுவாக அசைகின்றன. எழப்போவது யார், அவரிடம் நொண்டுவது என்ன இருக்கிறது என்று தேடுகிறான்.

இப்போது உங்களைப் பார்க்கிறான்.

"ஆறாவது யார்?" என்கிறார் நீதிபதி.